புகை போகும் வழி

கணவன், மனைவி இருவருமே தமிழ் விரிவுரையாளர்கள் என்பதால், நெடுநல்வாடையைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறோம். கூதிர்காலத்துக் குளிருக்கு அஞ்சி மாளிகைகளின் கதவுகள் தாழிடப்படுவதும், உள்ளிருப்போர் அகன்ற வாயுடைய தடவுகளில் நெருப்பிட்டுக் குளிர்காய்வதும் அதில் வரும். தடவு என்றால் கணப்புச் சட்டி என்று பொருள் கூறிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவோம். கதவையும் அடைத்துவிட்டால் புகை எங்கே போகும் என்று நாங்களும் கேட்டதில்லை, மாணவர்களும் கேட்டதில்லை. உதகைக்கு மாற்றலாகி வந்த முதல் மார்கழியில், அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

வாடகைக்குக் கிடைத்தது ஆங்கிலேயர் காலத்து பங்களா ஒன்றின் பாதி. ஜான் சல்லிவன் 1820களில் கல்வீடு கட்டிக் குடியேறியதற்குப் பின், சென்னை மாகாணத்தின் கோடைகாலத் தலைநகராக வளர்ந்த ஊர் இது. வந்தவர்கள் தம் நாட்டுக் கணப்படுப்பையும் புகைபோக்கியையும் உடன் கொண்டுவந்தனர். ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில், புல்வெளியெங்கும் உறைபனி படியும் இரவுகளில் அவற்றின் அருமை விளங்கும். எங்கள் கூடத்துக் கணப்பு பல ஆண்டுகளாக மூட்டப்படவில்லை என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொன்னார். நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சீகை விறகு வாங்கி அடுக்கினோம். விறகும் பச்சை.

முதல் வாரம் இன்பமாகவே கழிந்தது. பிறகு காலையில் எழும்போதெல்லாம் அனைவருக்கும் தலைவலி. எங்களோடு இருந்த அம்மாவுக்குக் குமட்டலும் சேர்ந்துகொண்டது. பித்தம் என்று கருதிச் சுக்குக் காப்பி கொடுத்தோம். வெளித் திண்ணையில் வெயில் காய அமர்ந்தால் அம்மாவுக்குச் சரியாகிவிடும். இரவில் கணப்பருகே படுத்தால் மீண்டும் வரும். ஒரு விடியலில் அம்மா எழுப்பியும் கண் திறக்கவில்லை. சன்னல்களைத் திறந்து, வெளியே தூக்கி வந்து, மருத்துவமனைக்கு விரைந்தோம். பிராணவாயு கொடுத்த பின்னரே நினைவு தெளிந்தது. கார்பன் மோனாக்சைடு என்றார் மருத்துவர். நிறமற்றது, மணமற்றது, புகை கண்ணுக்குப் படாத போதும் அது அறையில் தங்கிவிடும். கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துறங்கி உயிரிழப்போர் இம்மலையில் உண்டு என்றும் சொன்னார்.

அதன் பிறகே புகைபோக்கி துடைப்பவரைத் தேடினோம். தோட்ட பங்களாக்களில் இவ்வேலை பழகிய முதிய கொத்தனார் ஒருவர் கிடைத்தார். இரண்டு நாள் கூலி கேட்டார். உயிர் பிழைத்த வீட்டில் நின்றுகொண்டே நாங்கள் பேரம் பேசினோம் என்பதை இன்று எழுதவும் கூசுகிறது. "ஒரு நாள்ல முடிக்கலாம் சார். ஆனா உச்சியைப் பாக்காம தீ மூட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

கூரையின் உயரத்தையும் அவர் வயதையும் பார்த்து இன்னொன்றும் கேட்டோம். "உள்ளே இறங்க ஒரு சின்னப் பையனைக் கூட்டி வரலாமே, ஐயா?" அவர் எங்களை ஏறிட்டு நோக்கினார். "பையனையா? பாவம் சார் அது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோணிச் சாக்கை விரித்துக் கணப்பின் வாயை மறைக்கத் தொடங்கினார்.

கழிகளை ஒன்றோடொன்று பூட்டி, நுனியில் வட்டத் துடைப்பத்தைச் செருகிக் கீழிருந்து மேலே செலுத்தினார். மூன்று கூடை கரி விழுந்தது. கூடவே பழைய பறவைக்கூடு ஒன்றும். சுவரோடு ஒட்டியிருந்த கீல் போன்ற படிவத்தைச் சுரண்டிக் காட்டினார். ஈர விறகு மந்தமாக எரியும்போது படிகிற கிரியோசோட் அது; ஒருநாள் தானே தீப்பற்றிப் புகைபோக்கி முழுவதையும் உலையாக்கிவிடும். மறுநாள் உச்சியில் ஏறிப் பெயர்ந்திருந்த செங்கற்களைப் பூசி, பறவை நுழையாதபடி வலை பொருத்தினார். இறுதியாகக் காகிதத்தைக் கொளுத்திக் குழலைச் சூடேற்றி, கணப்பின் வாயருகே ஊதுபத்தியைப் பிடித்தார். அதன் புகை வளைந்து உள்ளே சென்றது. "இப்ப இழுக்குது" என்றார். கேட்ட கூலியை முழுமையாகக் கொடுத்தோம்.

அவர் சொன்ன 'பாவம்' எங்களை விடவில்லை. இந்தக் கணப்புகளின் தாயகமான இங்கிலாந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். நாங்கள் வாய்தவறிக் கேட்டது அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்திருக்கிறது. குறுகிய குழல்களுக்குள் ஏழைச் சிறுவர்களை ஏற்றினர். கரி படிந்த உடலில் பின்னாளில் புற்றுநோய் வருவதை 1775இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எழுதினார். எட்டு வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கலாகாது என்று 1788இல் சட்டம் வந்தது. 21 வயது நிரம்பாதவர் ஏறவே கூடாது என்று 1840இல் மற்றொன்று வந்தது. எனினும் 1875இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் புகைபோக்கியில் சிக்கி இறந்தான். காவல்துறையின் உரிமம் பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம் என்ற சட்டம் அவ்வாண்டுதான் வந்தது. நீண்ட கழியும் துடைப்பமும் அதற்கு வெகு முன்பே இருந்தன. சிறுவன் மலிவு என்பதால் அவை மூலையில் கிடந்தன.

இதைப் படித்து ஆங்கிலேயரைக் குறைகூற எங்களுக்குத் தகுதியில்லை. 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றிய பின்னும், நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டிகளில் மனிதர் இறங்கி மடிவது நிற்கவில்லையே. இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையே கணக்குப் பார்க்கும் அதே மனம்தானே அன்று எங்கள் கூடத்திலும் பேசியது?

இப்போது ஆண்டுதோறும் மழை ஓய்ந்து குளிர் தொடங்குமுன் பெரியவரை அழைக்கிறோம். பேரம் இல்லை. விறகை ஓராண்டு உலர்த்துகிறோம். கார்பன் மோனாக்சைடை அறிந்து ஒலிக்கும் சிறு கருவியொன்று அம்மாவின் கட்டிலருகே இருக்கிறது. அது இருந்தாலும் சன்னலில் ஒரு விரற்கடை திறப்பு வைத்தே உறங்குகிறோம்.

வகுப்பில் தடவு வரும் அடியில் சற்று நின்று, "கதவு அடைத்திருக்கிறதே, புகை எங்கே போகும்?" என்று கேட்கிறோம். மாணவர்கள் விழிக்கிறார்கள். அவர்களில் பலர் மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். வீட்டில் கரியடுப்பு உள்ளவர்கள். அன்றைய பாடம் அந்த அடியைத் தாண்டாமல் முடிந்தாலும் நாங்கள் வருந்துவதில்லை.