மழை எங்கே பெய்கிறது?

எங்கள் பள்ளிப் பிள்ளைகளை வேல்ஸ் மலைகளில் 'கார்ஜ் வாக்கிங்' கூட்டிப்போகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். மலையிடுக்கில் ஓடும் ஆற்றுக்குள்ளேயே நடப்பது, பாறை ஏறுவது, மடுவில் குதிப்பது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு மனம் முழுக்க வானிலைதான். 2008 ஏப்ரலில் நியூசிலாந்தின் மாங்காடெபோபோ ஓடையில் இப்படிப் போன ஆறு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் திடீர் வெள்ளத்தில் போய்விட்டார்கள். இடுக்கில் தண்ணீருக்குப் பரவ இடமில்லை. மேலே மலையில் மழை கொட்டினால் கீழே தண்ணீர் சட்டென்று உயர்ந்துவிடும். அதனால் நாம் நிற்கும் இடத்து வானத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆறு பிறக்கும் இடத்து மழையையும் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 1993இல் லைம் விரிகுடாவில் படகுப் பயணம் போன நான்கு மாணவர்கள் இறந்த பிறகுதான், 1995இல் சாகச மையங்களுக்கான சட்டமே வந்தது. மையத்திடம் அந்தச் சட்டப்படியான உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "தண்ணீர் ஏறினால் எந்த இடத்தில் வெளியேறுவீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் மையம் வேண்டவே வேண்டாம்.

பெற்றோருக்கு: கயிறு கட்டும் பழைய ஷூ கொடுத்தனுப்புங்கள், செருப்பு கூடாது. வெட்சூட்டுக்கு (குளிர்நீரில் போடும் இறுக்கமான உடை) மேலே போட ஒரு பழைய அரைக்கால் சட்டையும் கொடுங்கள். அப்போதுதான் பாறையில் சறுக்கும்போது வெட்சூட் கிழியாது. ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். இன்ஹேலர் வழிகாட்டியின் தண்ணீர் புகாத பையில் கூடவே வரும். மழையால் அன்று காலை பயணம் ரத்து என்றால், தயவுசெய்து கோபப்படாதீர்கள்.