இரண்டெழுத்து

எங்கள் இல்லத்து மாடியறையில் என் பாட்டனார் பேணிவரும் புத்தகப் பேழை ஒன்றுண்டு. அதனுள் இருப்பவை பெரும்பாலும் மாஸ்கோவில் அச்சாகி, மிகக் குறைந்த விலைக்கு நம் நாட்டில் விற்கப்பட்ட தமிழ் நூல்கள். டால்ஸ்டாயையும் செகாவையும் யான் முதன்முதற் கற்றது அவற்றினின்றே. தொலைவிலுள்ள ஒரு பெருநாடு நம்மவர் பொருட்டு நம் எழுத்திலேயே அச்சுக் கோத்து நூல் அனுப்பிற்று என்னும் எண்ணம் என் இளநெஞ்சில் விளைத்த பெருமிதம் சிறிதன்று.

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் அப்பேழையின் அடியிலிருந்து பாட்டனாரின் அஞ்சல் தலை ஏடு வெளிப்பட்டது. அதில் மங்கோலியாவுக்குரிய பக்கத்தில் ஒட்டகங்களும் குதிரைகளும் அழகுற விளங்கின. ஆயின் எழுத்து ருஷிய எழுத்தாயிருந்தது.

"மங்கோலியர் மொழி வேறன்றோ, தாத்தா? எழுத்து மட்டும் ருஷியருடையதாய் இருப்பானேன்?" என்றேன்.

"மொழி அவர்களுடையதுதான், தம்பி, எழுத்து இடையில் வந்தது" என்று கூறி, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். பேச்சை வளர்க்க விரும்பாதபோது அவர் செய்வது அதுவே.

கல்லூரிக்கு மீண்டபின் நூலகத்தில் தேடி அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

மங்கோலியா ருஷியாவுக்கும் சீனத்துக்கும் இடையே அமைந்த நாடு. 1921இல் செம்படையின் துணையால் விடுதலை எய்தி, 1924இல் மக்கட் குடியரசாயிற்று. ஆயினும் பெருங்காரியங்கள் பலவும் மாஸ்கோவிலேயே முடிவாயின. புத்த மடங்களை ஒடுக்குமாறு ஸ்டாலின் வற்புறுத்தியபோது இணங்கத் தயங்கிய பிரதமர் கெந்தன் 1936இல் பதவியிழந்து, மறு ஆண்டு மாஸ்கோவில் கொல்லப்பட்டார். அவர்க்குப் பின்வந்த பிரதமர் அமரும் 1941இல் அந்நகரிலேயே அம்முடிவை எய்தினார். சோய்பல்சான் தலைமையில் 1937 முதல் 1939 வரை நடந்த களையெடுப்பில் மாண்டோர் 20,000க்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் புத்த துறவியர். நாட்டு மக்கள் அனைவரையும் கூட்டினும் அந்நாளில் பத்து இலக்கத்தை எட்டார் என்பதை நினைவிற்கொண்டு இத்தொகையைப் படித்தல் வேண்டும்.

எழுத்து மாறியது இதன் பின்னரே. செங்கிஸ்கான் காலந்தொட்டு மங்கோலியர் கையாண்டது மேலிருந்து கீழாக, நூலிலிட்ட முடிச்சுக்களெனத் தொங்கும் எழுத்து. 1941 பிப்ரவரியில் அதனை நீக்கி இலத்தீன் எழுத்தைக் கொள்வதென மங்கோலிய அரசு முடிவு செய்தது. மார்ச்சு மாதத்திலேயே அம்முடிவும் மாறி, ருஷிய எழுத்தே கொள்ளப்பட்டது. 1946 முதல் அதுவே நாட்டின் எழுத்தாயிற்று. ருஷிய எழுத்துக்கள் 33. அம்மொழியில் இல்லாத இரண்டு உயிரொலிகளுக்காக மங்கோலியர் சேர்த்துக்கொண்டவை 2. வட்டத்தின் நடுவே குறுக்குக் கோடிட்டது ஒன்று. சிறுவர் கையிலுள்ள கவண்கோல் போன்றது மற்றொன்று. முப்பத்தைந்தனுள் தமக்கென அமைத்துக்கொண்டவை அவ்விரண்டே.

இம்மாற்றத்தை ருஷியப் படை துப்பாக்கி முனையில் செய்வித்ததெனக் கூறுதல் பொருந்தாது. ஆணையில் ஒப்பமிட்டவர் மங்கோலியரே. ஆனால் மறுத்துரைக்கத் துணிந்தவரெல்லாம் அதற்கு முன்பே மண்ணுள் மறைந்தனர். அத்தகைய நாட்டுக்கு வெளியிலிருந்து கட்டளை வரவேண்டுவதில்லை; குறிப்பறிந்து ஒழுகுவோரே பதவியில் இருப்பர்.

ஈஸ்டர் விடுமுறையில் இவற்றைப் பாட்டனாரிடம் கூறினேன். அவர் வெகுண்டார். "1939இல் கால்கின் கோல் ஆற்றங்கரையில் ருஷியர் நின்று பொருதிராவிடில் அந்நாட்டை ஜப்பானியர் விழுங்கியிருப்பர். பள்ளி கொடுத்தது யார்? மருத்துவமனை கொடுத்தது யார்? இருப்புப்பாதை இட்டது யார்? மடத்துக்கு வெளியே எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்தனர்?" என்றார். அவர் கூறியவற்றுள் ஒன்றும் பொய்யன்று, யானும் மறுத்திலேன். எழுத்தறிவு அந்நாட்டில் பெரிதும் பரவியது அக்காலத்தேதான்.

எனினும் ரிஞ்சென் என்னும் அறிஞரைப் பற்றியும் அவர்க்குச் சொன்னேன். 1937இல் சிறைப்பட்டு 1942இல் வெளிவந்த அப்பெரியார், அலுவலகங்களினின்று நீங்கிய அப்பழைய எழுத்து மொழிக்கு 1960களில் பல தொகுதிகளாக இலக்கணம் வகுத்தார். தொல்காப்பியத்தோடு நாள்தோறும் போராடும் மாணவன் எனக்கு அது சிறு செய்தியாகத் தோன்றவில்லை. உலான்பாத்தர் நூலகத்தின் முன் நின்ற ஸ்டாலின் சிலை 1990 பிப்ரவரியில் அகற்றப்பட்டது. பின்னாளில் அந்நூலகத்தின் முன் நாட்டப்பட்டது ரிஞ்செனின் சிலை. 2025 முதல் அரசு ஏடுகளில் ருஷிய எழுத்தோடு பழைய எழுத்தும் இடம்பெற வேண்டுமென அந்நாட்டார் சட்டம் இயற்றியுள்ளனர். அரை நூற்றாண்டு இழந்ததை மீண்டும் பயிலுதல் எளிதன்று. 1990களிலேயே அதனை முழுதும் மீட்க முயன்று இயலாது நின்றனர்.

"நமக்கு நம் எழுத்தில் நூல் அனுப்பியவர் அவர்க்குத் தம் எழுத்தையே அனுப்பியதேன், தாத்தா?" என்று கேட்டேன். நம்மிடம் வேண்டியது நட்பு. அவர்களிடம் வேண்டியது வேறு என்பது என் எண்ணம். அதனை வாய்விட்டுக் கூறினேனல்லேன்.

பாட்டனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் அஞ்சல் தலை ஏட்டைக் கொணரச் செய்து, 'நாடு தெரியாதவை' எனத் தம் கையால் எழுதியிருந்த கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அங்கே, முடிச்சுக்களெனத் தொங்கும் எழுத்துடன், பழைய தலை ஒன்று அறுபதாண்டாக ஒட்டிக் கிடந்தது. அதனை நீராவியில் மெல்லக் காட்டிப் பெயர்த்து, ஒட்டகங்களின் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒட்டினார்.