உடுமலையிலிருந்து மூணாறு வரை

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறுக்குச் சுமார் 85 கிலோமீட்டர். பஸ் ஏறியதும் தேயிலைத் தோட்டம் எப்போது வரும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு இந்தச் சாலையின் நடுப்பகுதிதான் உயிர். மழை குறைந்து, முள்ளும் பாறையுமாகக் கிடக்கும் அந்தத் துண்டில் இருக்கும் செல்வம் வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம்.

தென்னந்தோப்புகள் முடிந்ததும் ஒன்பதாறு செக்போஸ்ட். அதைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானைகள் இந்தச் சாலையைக் கடந்துதான் அமராவதி அணைத் தண்ணீருக்கு இறங்குகின்றன. காரை நிறுத்தி, ஆரன் அடித்து, குட்டியோடு நிற்கும் கூட்டத்தைப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வெயிலில் தாகத்தோடு வந்த கூட்டம் அது.

சின்னாற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரளம். 1984இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் சுமார் 90 சதுர கிலோமீட்டர்தான். தென்மேற்குப் பருவமழையை ஆனைமுடி வரிசை மேற்கிலேயே இறக்கி வைத்துவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது காய்ந்த காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் காடு நிற்கிறது. கள்ளி, வேலமரம், பாறை நிழலில் நட்சத்திர ஆமை. ஆற்றங்கரையில் மட்டும் மருதும் நாவலும் அடர்ந்து நிற்கும். அந்த உச்சிக் கிளைகளில்தான் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. தரையில் இறங்க அதற்கு மனமில்லை. கிளைவிட்டுக் கிளை தாவியே போகும். நடுவில் ஒரு மரம் சாய்ந்தால் அணிலின் வழியே அறுந்துபோகும். இந்தக் காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் முதுவர், மலைப்புலையர் ஆகிய பழங்குடியினர். பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறவர்களும் அவர்களே.

பாம்பாற்றைத் தொட்டும் விலகியும் ஏறுகிற சாலை மறையூரில் சமதளமாகிறது. சாலையோரம் நெடுகக் கம்பிவேலி. உள்ளே எண் இட்ட சந்தன மரங்கள். பார்க்க எளிய மரம். மணமெல்லாம் உள்ளே வைரத்தில், அது ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். சந்தனம் பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பொருத்தி உறிஞ்சி வாழ்வது. எனவே அக்கம்பக்கத்து மரங்களும் தழைத்தால்தான் அதுவும் தழைக்கும். இரவெல்லாம் டார்ச்சோடு சுற்றும் வனக்காவலர்கள் காப்பது, உண்மையில் முழுக் காட்டையும்.

வேலிக்கு இந்தப் பக்கம் கரும்பு. வயலோரக் கொட்டகையில் அடுப்புக்குக் காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார் ஒருவர். கொப்பரையில் சாறு நுரைத்து, பொன்னிறமாகி, கறுத்து வருகிறது. பாகைத் தொட்டியில் கொட்டியதும் பெண்களும் ஆண்களும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். “அக்கா, இறுகுது, சீக்கிரம்” என்று ஒரு குரல். சூடு ஆறுமுன் உள்ளங்கையில் உருட்டினால்தான் உருண்டை பிடிக்கும். விரல் பதிந்த தடம் ஒவ்வொரு உருண்டையிலும் தெரியும். 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி வேறெங்கோ காய்ச்சியதை விற்பவர்களை நினைத்தால் இந்தக் கைகள்தான் கண்முன் வருகின்றன.

ஊருக்கு மேலே பாறைத்திட்டில் முனியறைகள்: நாலு பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒன்று மூடிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டு ஊர்களின் மூத்த குடிகள் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அதற்கும் வெகுகாலம் முன்பே இங்கே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி.

பிறகு ஏற்றம். தலையாறில் தேயிலை தொடங்குகிறது. லக்கம் அருவி, குளிர், மூடுபனி. வலப்பக்கம் வரையாடுகளின் இரவிகுளம் தேசியப் பூங்கா. மூணாறைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்று: இந்த உயரத்துச் சோலைகளும் புல்வெளிகளும் பிடித்துவைத்து மெல்ல விடும் தண்ணீர்தான் பாம்பாறாகி, மறையூர்க் கரும்பையும் சின்னாற்று மருதமரங்களையும் தொட்டு, அமராவதி அணைக்குள் இறங்கி, உடுமலை, தாராபுரம் வயல்களுக்குப் போகிறது.