சாசனம் தொடங்கும் ஆண்டு

அறக்கட்டளைச் சொத்து வழக்குகளை நடத்தியவன் என்பதால், இஸ்தான்புல் நகரத்து ஹாகியா சோஃபியா வழக்கைத் தொலைவிலிருந்தே ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்தேன். துருக்கியின் நிர்வாக உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 10 அன்று வெளியிட்ட தீர்ப்பு இன்றும் என்னை விட்டபாடில்லை.

ஜஸ்டினியன் பேரரசர் 537இல் கட்டிமுடித்த தேவாலயம் அது. 1204இல் சிலுவைப் போர்வீரர்கள் நகரைச் சூறையாடி, அதைக் கத்தோலிக்கப் பேராலயமாக்கினார்கள். 1261இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு அது திரும்பியது. 1453இல் நகரை வென்ற சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் அதை மசூதியாக்கி, தன் வக்ஃபில், அதாவது இஸ்லாமிய அறக்கட்டளையில், சேர்த்துச் சாசனம் எழுதிவைத்தார். 1934 நவம்பர் 24 அன்று துருக்கிக் குடியரசின் அமைச்சரவை ஓர் ஆணையால் அதை அருங்காட்சியகமாக்கியது.

வக்ஃபாக எழுதிவைத்த சொத்தின் பயன்பாட்டை அமைச்சரவை ஆணை மாற்றலாமா என்பதுதான் வழக்கு. ஒரு சங்கம் தொடுத்த வழக்கை 2008இல் நிர்வாக உச்ச நீதிமன்றத்தின் 10ஆவது பிரிவு தள்ளுபடி செய்தது. அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனபோது, நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் என்ற தகுதி சங்கத்துக்கு இல்லை என்று 2018இல் மனு நின்றுபோனது. ஆனால் அடுத்த ஆண்டே, அதே நகரின் இன்னொரு பைசாந்தியத் தேவாலயமான கோராவை அருங்காட்சியகமாக்கிய 1945ஆம் ஆண்டு ஆணை ரத்தானது. அப்போதே ஹாகியா சோஃபியா வழக்கின் போக்கும் எனக்குப் புரிந்துவிட்டது. முன்பு தள்ளுபடி செய்த அதே 10ஆவது பிரிவு, 2020இல் 1936ஆம் ஆண்டின் சொத்துப் பதிவில் சுல்தானின் வக்ஃப் பெயரில் மசூதி என்றே இருப்பதைச் சுட்டி, சாசனம் குறித்த பயனை நிர்வாக ஆணையால் மாற்ற முடியாது என்றது.

எழுதிவைத்தவரின் விருப்பத்தைக் காலம் கடந்தும் காப்பது என் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. நம் நாட்டு வக்ஃப் சட்டத்திலும் அது வேரூன்றிய கொள்கை. பதிவேட்டில் மசூதி என்றிருந்த இடத்தில் தொழ முடியாமல் தலைமுறைகளைக் கழித்த முஸ்லிம்களின் மனக்குறையையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சாசனம் தொடங்குவது வெற்றிக்குப் பிறகு. அதற்கு முந்தைய ஒன்பது நூற்றாண்டுகளில் அங்கே மெழுகுவத்தி ஏற்றியவர்களின் சார்பில் எந்தச் சாசனமும் நீதிபதிகள் முன் வைக்கப்படவில்லை. அவர்களுடைய வாரிசுகள் வழக்கில் ஒரு தரப்பாகவும் இல்லை. ஏட்டில் ஏறாத உரிமையை நீதிமன்றத்தால் எடைபோட இயலாது. 1934ஆம் ஆண்டு ஆணைக்குச் சட்டப் பலம் குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், இரு சமயத்தாரும் சமநிலையில் நுழையக்கூடிய ஒரே ஏற்பாடு அதுவாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. ரத்து கோரும் வழக்கில் நீதிமன்றம் ஆணையை நீக்கலாமே தவிர, நிர்வாகத்தின் இடத்தில் அமர்ந்து, கட்டடத்தை அடுத்துப் பொறுப்பேற்பவர் அதை எப்படி நடத்தவேண்டும் என்று கட்டளையிட முடியாது. தீர்ப்பு வந்த அன்றே அதிபரின் ஆணை கட்டடத்தைச் சமய விவகாரத் துறையிடம் ஒப்படைத்தது. ஜூலை 24 அன்று தொழுகை தொடங்கியது. தொழுகை நேரத்தில் கன்னி மரியாளின் மொசைக் ஓவியத்தைத் திரையிட்டு மறைப்பது, 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் 25 யூரோ வாங்கி மேல்மாடத்துக்கு மட்டும் அனுப்புவது என எல்லாமே நிர்வாகத்தின் முடிவுகள். ஓவியங்களைக் காண்பவரின் உரிமைக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு வரிப் பாதுகாப்பும் கிடையாது.