எடுத்துக் கொடுத்தவன்

பி.ஏ. முடித்துவிட்டு உத்தியோகம் இல்லாமல் இருக்கிறவனுக்குக் கிராமத்தில் ஒரு சங்கடம் உண்டு. எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும், "என்ன தம்பி, கார்டு வந்ததா?" என்று விசாரிப்பார்கள். அன்பாகத்தான். 1974-ல் திருச்சி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் புளியஞ்சோலைக்குத் திரும்பிய நான், அந்த அன்புக்குப் பயந்து அய்யாற்றங்கரையிலேயே பொழுதைக் கழித்தேன். ஆகாய கங்கையில் விழுந்து வருகிற தண்ணீர் அது. கொல்லிமலை இறங்கிய களைப்புத் தீர எங்கள் ஊர்ப் பாறைகளில் சாவகாசமாக நடக்கும்.

பங்குனித் திருவிழாவுக்கு அரிச்சந்திர நாடகம் போடுவதென்று ஊரில் தீர்மானித்தார்கள். தை பிறந்ததும் நாடக வாத்தியார் ஆர்மோனியத்துடன் வந்து தங்கிவிட்டார். ஸ்திரீபார்ட்டும் பபூனும் மட்டும் சம்பளத்துக்கு. மற்ற வேஷமெல்லாம் உள்ளூர்க்காரர்கள். அரிச்சந்திரனாக வந்தவர் ஏர் ஓட்டுகிறவர். எழுத்து வாசனை இல்லை. "படிச்ச பிள்ளை சும்மாத்தானே இருக்கான், வசனம் எடுத்துக் கொடுக்கட்டுமே" என்றார்கள். அந்தச் 'சும்மா' சுருக்கென்றது. ஆனாலும் போனேன்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்துப் படித்தவர்களை மேடையேற்றியதை அப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். "அவர் வக்கீலாகவும் இருந்தாரடா" என்றார் அப்பா. பதில் சொல்ல முடியவில்லை.

ஒத்திகை மாட்டுக் கொட்டகையில், ராந்தல் வெளிச்சத்தில். வசனம் எடுத்துக் கொடுப்பது லேசான வேலை என்று நினைத்திருந்தேன். முந்தினால் நடிகர் தடுமாறுவார். பிந்தினால் சபை சிரிக்கும். அவர் மூச்சு முடிகிற இடம் பார்த்து அடுத்த வரியின் முதல் சொல்லை மட்டும் மெதுவாகப் போடவேண்டும். சாயங்காலமானால் என் வரவுக்காகப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அது எனக்குப் புதிது.

கடைசியில் கார்டும் வந்தது. நாடகத்துக்கு மறுநாள் காலை பத்து மணிக்குத் திருச்சியில் ஓர் ஆபீசில் இண்டர்வியூ. விடிகாலை ஐந்து மணிக்குப் பஸ்.

மயான காண்டம் தொடங்கும்போதே நாலரை. அரிச்சந்திரன் வீரபாகுவிடம் வேலைக்கு அமர்ந்து பிணம் சுடுகிற கட்டம். (அவனுக்கு இண்டர்வியூ வைத்ததாகக் கதையில் இல்லை.) இறந்த லோகிதாசனைச் சந்திரமதி தூக்கி வரவேண்டும். எனக்கு நோட்டை மூட மனம் வரவில்லை. தண்ணீர் குடிக்கத் திரைக்குப் பின்னால் வந்த ராஜபார்ட், முகத்தில் அரிதாரம் வழிய, "இன்னுமா கிளம்பலே? ஓடு தம்பி" என்றார்.

"வசனம்?"

"அதெல்லாம் மாசியிலேயே பாடமாயிடுச்சு. நீ சும்மா உக்காந்து மனசு கெட வேணாமேன்னுதான்..." ஆர்மோனியம் கூப்பிடவே, மீதியைச் சொல்லாமல் மேடைக்குப் போய்விட்டார்.

பஸ் புறப்படும்வரை அவர் குரல் கேட்டது. ஓர் இடத்திலும் தடங்கவில்லை.

திருச்சியில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" இரவெல்லாம் கிசுகிசுத்ததில் தொண்டை கட்டியிருந்தது. நாடகம் என்று சொல்ல வாயெடுத்தேன். "சும்மாத்தான் இருந்தேன், சார்" என்று வந்தது.

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த பங்குனியிலும் அரிச்சந்திரன்தான். ராஜபார்ட் இரண்டு இடத்தில் நிறுத்தித் திரைப்பக்கம் காதைச் சாய்த்தார். நானும் எடுத்துக் கொடுத்தேன்.