வாடைக்கால வெளிச்சம்

கச்சான் ஓய்ந்து வாடை இறங்கிய பிறகுதான் எங்கள் மாவட்டத்துக்குப் படம் எடுக்க வரவேண்டும் என்று வெளியூர் நண்பர்களிடம் சொல்வதுண்டு. யாரும் கேட்பதில்லை. அறுகம்பைக்கு வருகிறவர்கள் அலை பார்த்து மே மாதத்துக்குப் பிறகு வருவார்கள். அப்போது வானம் வெள்ளைத் தகரம் போலக் காயும், நிழல்களோ கரிக்கட்டை. மாரியிலோ மேகம் முழுவதும் ஒரு திரைச்சீலையாகி வெளிச்சத்தை வடித்துத் தருகிறது. கண்ணுக்குக் கீழே கருமை விழாது. பச்சை, பச்சையாகவே பதியும்.

2025 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சுபஹுக்குப் பிறகு, மச்சானின் ஓட்டோவில் இறக்காமத்திலிருந்து புறப்பட்டோம். அம்பாறை, சம்மாந்துறை, காரைதீவு வழியாக மருதமுனை வரைக்கும் போவதாகத் திட்டம். மச்சானுக்கு என் கெமராவில் பெரிய மரியாதை கிடையாது. அவருக்குக் குத்தகைக்கு எடுத்த வயல் உண்டு. போகிற வழியெல்லாம் அவர் பார்த்தது வரம்பையும் வாய்க்காலையும்தான்.

இறக்காமக் குளத்தில் அன்று நீர் கரையை முட்டி நின்றது. தோணிக்காரர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். மழை பெய்கிறபோது மழையைப் படம் எடுப்பது லேசான காரியமல்ல. வெளிறிய வானத்தைப் பின்னணியாக வைத்தால் துளி தெரியாது. இருண்ட மரக்கூட்டம் பின்னால் வேண்டும், வெளிச்சம் துளிக்குப் பின்னாலிருந்து வரவேண்டும். செக்கனில் முப்பதில் ஒரு பங்கு திறந்தால் மழை கோடாகும். ஐந்நூறில் ஒரு பங்கென்றால் மணியாக நிற்கும். நான் கோடு விரும்புகிறவன்.

உலகத்தில் பெயர்பெற்ற மழைப் படங்களில் ஒன்று, நியூசிலாந்துக்காரர் பிரையன் பிரேக் எடுத்த பெண்ணின் முகம். 1961இல் 'லைஃப்' சஞ்சிகையில் வந்தது. அந்தப் பெண்தான் பின்னாளில் இயக்குநரான அபர்ணா சென். அந்த முகத்தில் விழுவது மழையே அல்ல. பூவாளியால் ஊற்றிய தண்ணீர். இதை அறிந்த நாளிலிருந்து அந்தப் படத்தின் மேல் எனக்கிருந்த பிரியம் குறையவில்லை, ஆனால் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. மழையில் நனைகிறவனுக்கு மழை என்ன செய்கிறது என்பதைப் பூவாளி அறியுமா?

அந்தக் கேள்விக்கு மச்சான்தான் பதில் சொன்னார். அவருடைய வயலோரம் நிறுத்தினோம். முன்னே விதைத்த கண்டங்களில் கதிர் பறிந்து பூத்திருந்தது. நவம்பர் வெள்ளத்தில் அழிந்து மறுபடி விதைத்தவையோ இளம்பச்சையில் முழங்காலளவு. ஒரே வட்டையில் இரண்டு பச்சை, நடுவில் ஒரு வரம்பு, மேலே கருமேகம். இதைவிட என்ன வேண்டும் என்று நான் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒனக்கு வெளிச்சம் நல்லாத்தான் இரிக்கி" என்றார் மச்சான். "இந்த மழ இன்னும் நாலு நாளைக்கி நிண்டா பூவெல்லாம் பதர்தான்."

நெல் பூக்கிற நேரத்து மழை மகரந்தத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும், மணி பிடிக்காது. எனக்குக் கிடைத்த வெளிச்சமும் அவருக்கு வரப்போகிற பதரும் ஒரே மேகத்திலிருந்துதான் இறங்கிக்கொண்டிருந்தன. நான் ஒன்றும் பேசவில்லை. படம் எடுப்பதையும் நிறுத்தவில்லை.

சம்மாந்துறையைத் தாண்டி மாவடிப்பள்ளியில் ஓட்டோ தானாகவே மெதுவானது போலிருந்தது. மேற்கு வயல்வெளிகளின் வெள்ளம் கடலைத் தேடிப் போகிறபோது இந்த இடத்தில்தான் வீதியைக் குறுக்கே வெட்டும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூரில் மத்ரசா ஒன்றில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் மழைக்கு விடுமுறை கிடைத்து வீடு திரும்புகையில், அவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை இங்கேதான் நீர் இழுத்துக்கொண்டு போனது. நாட்கணக்கில் ஜனாஸாக்களைத் தேடினார்கள். இரு பக்கமும் நீர் விரிந்து, கொக்குகள் இறங்கி, அன்று அந்த இடம் அழகாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மச்சான் பாத்திஹா ஓதி முடிக்கும்வரை கெமரா பைக்குள் கிடந்தது. எங்கள் ஊர்களின் மழை வெளியுலகுக்கு இப்படியான ஒரு நாளில் மட்டுமே படமாகிறது என்ற கோபம் எனக்கு நெடுநாளாக உண்டு. அந்தக் கோபத்துக்குக்கூட அங்கே இடமிருக்கவில்லை.

கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு முன்னால் கடல் சேற்றுநிறத்தில் புரண்டது. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் வீடு நின்ற இடங்களெல்லாம் மணலாயின. கொடியேற்றக் காலத்தில் மனிதர் நெருக்கும் மணலில் அன்று இரண்டு நாய்களும் கவிழ்த்த தோணிகளும்தான். நாலைந்து படங்கள் எடுத்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை. வில்லையில் உப்புப் படிந்திருந்தது.

மருதமுனையில், நனையாமலிருக்கத் திண்ணைக்குள் இழுத்துக் கட்டிய சாயநூல்கள் ஈரத்தில் இன்னும் அடர்ந்த நிறம் காட்டின. தறிச் சத்தம் மழைச் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. அதைப் படம் எடுக்க முடியாதே என்று எண்ணிக்கொண்டேன்.

தேநீர்க் கடையில் மச்சான் கெமராவைக் கேட்டு வாங்கினார். குளத்தையும் தோணியையும் வேகமாகத் தள்ளிவிட்டு அந்த வயல் படத்தில் நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"இதப் பெரிசாக்கு. வலப்பக்கம், அழிஞ்ச கண்டம் வரட்டும்" என்றார். "வரம்பு தெளிவாத் தெரியணும். நட்டஈட்டுப் படிவத்தோட ஒட்டிக் குடுக்கலாம்."

மழைக்கோடுகளை வெட்டிவிட்டு, வரம்பும் அழிந்த கண்டமும் மட்டும் இருக்கும்படி அன்றிரவே பிரதி எடுத்துக் கொடுத்தேன்.