கடைசி ஆயிரம் அடியில் பேச்சு

கடைசி ஆயிரம் அடியை இறங்கி முடிக்க ஒரு பயணிகள் ஜெட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பிடிக்கும். நிமிடத்துக்கு எழுநூறு அடி என்ற கணக்கில் இறங்கும்போது, நீளமான ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஐம்பது அடி போய்விடும். அதனால் அந்த நேரத்தில் காக்பிட்டில் யாரும் வாக்கியம் பேசுவதில்லை. கண்காணிக்கும் விமானி "ஸ்பீட்" என்பார், "சிங்க் ரேட்" என்பார். ஓட்டுபவர் "கரெக்டிங்" என்பார். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு, இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று தோன்றும்.

நான் இப்போது விமானம் ஓட்டுவதைவிட, சிமுலேட்டரில் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் அதிகம். தவறைக் கவனிக்காத துணை விமானியை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். கவனிக்கிறார்கள், ஆனால் சொல்லும்போது குழைகிறார்கள். வேகம் பத்து நாட் கூடிவிட்டது என்று வையுங்கள். "சார், ஸ்பீட் கொஞ்சம்..." என்று இழுப்பார் வலப்பக்கத்தில் இருப்பவர். கேப்டன் தலையாட்டுவார். பார்த்துவிட்டேன் என்கிறாரா, சரிசெய்கிறேன் என்கிறாரா, சும்மா இருப்பா என்கிறாரா? துணை விமானி தனக்கு நிம்மதி தரும் அர்த்தத்தை எடுத்துக்கொள்வார். கேப்டனுக்கோ அது காதில் விழுந்ததே நினைவிருக்காது. பிறகு பதிவைப் போட்டுக் காட்டினால் இருவருமே ஆச்சரியப்படுவார்கள். அதே இடத்தில் "ஸ்பீட், பிளஸ் டென்" என்றிருந்தால் தலையாட்டித் தப்பிக்க முடியாது.

மங்களூர் விபத்தைத் தொடாமல் நான் வகுப்பை முடிப்பதில்லை. 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-800. விமானத்தில் இருந்த 166 பேரில் எட்டுப் பேர்தான் பிழைத்தார்கள். காக்பிட் குரல்பதிவு சுமார் இரண்டு மணி ஐந்து நிமிடம் ஓடுகிறது. அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டன் தூக்கத்தில் இருந்திருக்கிறார், குறட்டைகூடப் பதிவாகியிருக்கிறது. மங்களூரில் ராடார் பழுது. அதனால் இறங்குவதற்கான அனுமதி தாமதமாகவே வந்தது. 37,000 அடியிலிருந்து இறங்கத் தொடங்கியபோது மிச்சமிருந்த தூரம் 77 மைல். எங்களிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று மைல். 37ஐ மூன்றால் பெருக்கினால் 111. முப்பது மைலுக்கு மேல் பற்றாக்குறை. இது தினமும் எங்காவது நடப்பதுதான். ஸ்பீட் பிரேக் இருக்கிறது, சக்கரத்தை முன்கூட்டியே இறக்கலாம், எதுவும் போதாவிட்டால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம். ஆனால் உயரம் அதிகமாக இருக்கிறது என்பதை இருவரும் முதலில் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ரன்வேக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். சிக்னல் பாதையில் வந்துவிட்டீர்களா என்று டவர் கேட்கிறது. 'அஃபர்மேட்டிவ்' என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியை அழுத்துகிறார். அவரும் சொல்லிவிடுகிறார். தரையிறங்க அனுமதி கிடைக்கிறது. அந்த விபத்திலேயே என்னை மிகவும் உறுத்தும் இடம் இதுதான். கடைசி நொடிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் எல்லாம் சரி என்று தன் வாயாலேயே டவருக்குச் சொல்லிவிட்டவர், சற்று நேரத்தில் அதே வாயால் எதுவும் சரியில்லை என்று கேப்டனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் குரல் அப்போதே பாதி போய்விட்டது.

இரண்டரை மைலில், இருக்க வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம். ரன்வே நேர் கீழே கிடக்கிறது என்கிறார் துணை விமானி. கேப்டன் ஆட்டோபைலட்டை விடுவித்து மூக்கைத் தாழ்த்துகிறார். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 4,000 அடியை நெருங்குகிறது. அப்போது துணை விமானியிடமிருந்து 'கோ அரவுண்ட்' வருகிறது, முதலில் ஒரு கேள்வியாக. கேப்டன் பதிலுக்கு லோகலைசரும் கிளைடு பாத்தும், அதாவது திசையையும் சரிவையும் காட்டும் ஐ.எல்.எஸ். சிக்னல்கள், தவறு என்கிறார். கேட்டது 'மேலே போகலாமா' என்று. வந்தது 'ஏன் இப்படி ஆனது' என்பதற்கான விளக்கம். விமானம் போன போக்கில் இறங்கிக்கொண்டே இருந்தது. மொத்தம் மூன்று முறை 'கோ அரவுண்ட்' சொல்லப்பட்டது. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் விடாமல் கத்தியது. 8,033 அடி ரன்வேயில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. ரிவர்ஸ் போட்ட பிறகு மறுபடியும் மேலே கிளம்பப் பார்த்தார் கேப்டன். ரிவர்ஸ் போட்டுவிட்டால் நின்றே ஆக வேண்டும், கிளம்பக் கூடாது என்பது எங்கள் அரிச்சுவடி.

துணை விமானி ஏன் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை என்று வகுப்பில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. இரண்டு முறை கூப்பிட்டும் சரியான பதில் இல்லையென்றால் எடுத்துக்கொள் என்பதுதான் விதி. இதைச் சிமுலேட்டரில் செய்து பார்ப்போம். கேப்டனாக இருப்பவர் காதில் முன்கூட்டியே சொல்லி வைத்து, அப்ரோச்சில் அவரைச் சிலைபோல உட்காரச் சொல்வோம். துணை விமானி ஒரு முறை கூப்பிடுவார், திரும்பி முகத்தைப் பார்ப்பார், மறுபடி கூப்பிடுவார், "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்று எடுத்துவிடுவார். அநேகமாக எல்லோரும் தேறிவிடுவார்கள். இப்போது பயிற்சியைக் கொஞ்சம் மாற்றி, கேப்டனை ஏதாவது முணுமுணுக்கச் சொல்லுங்கள்: "யா... யா... வந்துடும்." அவ்வளவுதான், கை ஸ்டிக்கருகே போய்த் திரும்பி வந்துவிடும். மயங்கிய கேப்டனிடமிருந்து விமானத்தை வாங்குவது சுலபம். விழித்திருந்து பாதி பதில் சொல்கிறவரிடமிருந்து வாங்குவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். பல இடங்களில் இந்த இரண்டாவது பயிற்சியைக் கொடுப்பதே இல்லை.

இதையெல்லாம் இளையவரின் தயக்கம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடவும் முடியாது. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் விழுந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானத்தில் முன்னால் இருந்த இருவருமே கேப்டன்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் அவரைச் சோதித்துக்கொண்டிருந்தார். எஞ்சின்கள் ஐடிலில் கிடக்க, மூக்கின் சாய்வை வைத்தே வேகத்தைக் காக்கும் ஒரு மோடில் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மோடிலிருந்து வெளியே வந்து எஞ்சின் தானாக வேகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் மூக்கை எங்கே வைப்பது என்று திரையில் காட்டும் ஃப்ளைட் டைரக்டர் இருவர் பக்கமும் அணைந்திருக்க வேண்டும். அணைக்கட்டுமா என்கிறார் சோதிப்பவர். ஏற்கெனவே அணைத்துவிட்டேன் என்கிறார் ஓட்டுபவர். அவர் அணைத்தது தன்னுடையதை. என்னுடையதை அணைக்கவில்லையே என்று சோதிப்பவர் சொல்கிறார். சொன்னார், ஆனால் அணைக்கவில்லை. இவருடையதை அவர் அணைப்பாரா, இவரே அணைத்துக்கொள்வதா என்பது பேச்சில் வரவே இல்லை. வேகம் குறைந்துகொண்டே போய், ரன்வேக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் விமானம் இறங்கியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். இங்கே குரலில் பணிவு ஏதுமில்லை. சொல்ல வேண்டியதையும் சொன்னார்கள். யார் செய்வது என்பதுதான் அந்தரத்தில் நின்றது.

குழுப்பயிற்சி என்று நாங்கள் செய்வதெல்லாம் 1978இல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் எரிபொருள் தீர்ந்து விழுந்த யுனைடெட் டிசி-8க்குப் பிறகு வளர்ந்தது. அங்கும் எரிபொருள் குறைவதைப் பற்றி மற்றவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கேப்டனின் கவனம் சக்கரத்தின் மேல் இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பாடத்தின் பெரும்பகுதி இளையவருக்கே: தைரியமாகப் பேசு, படிப்படியாகக் குரலை உயர்த்து. நல்ல பாடம்தான். மூத்தவருக்கு என்ன பாடம்? "ஏதாவது சந்தேகம் இருந்தா சொல்லுங்க" என்று அப்ரோச் பிரீஃபிங்கில் ஒரு வரி. இதைச் சொல்லாமலே இருக்கலாம். நான் மதிக்கும் கேப்டன்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: "ஐநூறு அடியில ஸ்டேபிளா இல்லைன்னா நீங்க கோ அரவுண்ட் சொல்லுங்க, நான் காரணம் கேக்காம ஏறிடுவேன். நான் ஏறலைன்னா நீங்க எடுத்துக்கோங்க." தலைக்கு மேல் பத்தாயிரம் வேலை வருவதற்கு முன்பே, இறங்கத் தொடங்கும்போதே அனுமதியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை. மங்களூரைப் போலவே மேட்டுத் தளத்து ரன்வே. அதே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். துணை விமானி கேப்டனின் கவனத்தைத் திருப்பப் பார்த்தார், 'கோ அரவுண்ட்' என்றும் சொன்னார். 8,858 அடி ரன்வேயில் பாதி போன பிறகே விமானம் தரையைத் தொட்டது. 21 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் அதில் அடக்கம். துணை விமானி கட்டுப்பாட்டை எடுக்காததையும் விசாரணை அறிக்கை காரணங்களில் சேர்த்திருக்கிறது. சரிதான். ஆனால் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு துணை விமானிகளும் வாய்திறந்து சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் அதே அறிக்கைகள்தான் சொல்கின்றன. பயிற்சியில் இனி கூட்ட வேண்டிய மணிநேரம் இடப்பக்க இருக்கைக்கு. முதல் 'கோ அரவுண்ட்' காதில் விழுந்ததும் விளக்கம் சொல்லாமல் த்ரஸ்ட் லீவரைத் தள்ளும் பழக்கம் கேப்டனின் கைக்கு வரும்வரை, வலப்பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு தைரியம் கற்றுக்கொடுத்தும் போதாது.